ஆபரேட்டிங் சிஸ்டம் கத்துக்கணுமா? முதல் புத்தகம் வாங்கும் முன் இதைப் பாருங்க!

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் 1586-ம் ஆண்டிலேயே தமிழ்ப் புத்தகம் அச்சானது. அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு'தான் அது. இன்று அதே ஊரில் ஒரு மாணவர் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தமிழில் படிக்க நினைத்தால் புத்தகம் கிடைக்குமா? கிடைக்கும், இலவசமாகவே. எதை எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதல்ல எதைப் பார்க்கணும்?

புத்தகத்தை அல்ல, உங்கள் லேப்டாப்பை. விண்டோஸ் கீயுடன் 'ஆர்' எழுத்தை அழுத்தி, ஆங்கிலத்தில் 'வின்வெர்' என டைப் செய்தால் எந்த வெர்ஷன் என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று விண்டோஸ் 7 புத்தகத்தை வாங்கி, விண்டோஸ் 11 முன்னால் உட்கார்ந்தால் ஸ்டார்ட் பட்டனே இடம் மாறியிருக்கும். புதிதாகப் படிப்பவர், தப்பு தன்மேல்தான் என்று நினைத்து மூடி வைத்துவிடுவார்.

லினக்ஸுக்கும் இதே கதையா?

பாதிதான். மெனுக்கள் மாறும், கமாண்டுகள் அவ்வளவாக மாறாது. அதனால் து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் க்னு/லினக்ஸ்' சில வருடங்களுக்கு முன் வந்ததாக இருந்தாலும் இன்றும் உதவும். இரண்டு பாகங்களும் இணையத்தில் இலவசம். தமிழக அரசு 2011 முதல் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்!

பாடப்புத்தகம் போதுமா?

தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். பிளஸ் 1 கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸ், உபுண்டு இரண்டுமே இருக்கின்றன. தமிழ்வழிப் பிரதியை பிடிஎஃப்பாக டவுன்லோடு செய்யலாம். ஒரு சின்ன சிக்கல்: ஒரு புத்தகம் 'இயக்க அமைப்பு' என்னும், இன்னொன்று 'இயங்குதளம்' என்னும். இரண்டும் ஒன்றுதான். திரையில் பெரும்பாலும் ஆங்கிலமே தெரியும் என்பதால், தமிழ்ச் சொல்லுடன் ஆங்கிலச் சொல்லையும் தருகிற புத்தகமே நல்லது.

வாங்கும் முன் ஒரு சோதனை

லினக்ஸ் புத்தகம் என்றால், இன்ஸ்டால் செய்யும் அத்தியாயத்தைத் திறங்கள். போட்டோ, சான்றிதழ்களை முதலில் பென் டிரைவில் காப்பி எடுக்கச் சொல்கிறதா? இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் 'லைவ்' முறையைச் சொல்கிறதா? இரண்டும் இல்லை என்றால் அந்தப் புத்தகம் வேண்டாம். ஒரு தவறான கிளிக்கில் ஹார்ட் டிஸ்க் மொத்தமும் அழிந்துபோகலாம்.

தமிழ்ப் புத்தகத்தை முடித்தவர்கள் அடுத்து வில்லியம் ஷாட்ஸின் 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' பக்கம் போகலாம். ஆங்கிலம்தான், ஆனால் எளிமையானது. அதன் பிடிஎஃப்பும் இலவசம்.