மிட்சுபிசி லான்சர் (இந்தியா)

மிட்சுபிசி லான்சர் என்பது சப்பானின் மிட்சுபிசி நிறுவனத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இந்துசுத்தான் மோட்டார்சு நிறுவனம் தனது திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் தயாரித்த நான்கு கதவு மகிழுந்து ஆகும். 1.5 லிட்டர் பெட்ரோல், 2.0 லிட்டர் டீசல் எஞ்சின்களுடன் இது விற்கப்பட்டது.

இயக்கமுறை

இந்நிறுவனத்தின் அம்பாசடர், கான்டசா ஆகியவை பின்சக்கர இயக்கம் கொண்டவை. லான்சரில் எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டு, முன்சக்கரங்கள் இயக்கப்பட்டன. எஞ்சினின் எடை இயங்கு சக்கரங்களின் மேல் அமைவதால் ஈரமான சாலையில் புறப்படும்போது பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் வண்டியை இழுப்பதும் திருப்புவதும் அதே இரு சக்கரங்களே. ஆகவே வளைவில் விசையை மிகுத்தால் வண்டி வெளிப்புறம் நோக்கி விலகும். ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தினால் பிடிப்பு மீளும். சட்டென விட்டால் பின்பகுதி நிலைகுலையக்கூடும். பின்சக்கர வண்டியிலோ மிகை விசையில் முதலில் வழுக்குவது பின்பகுதியே. அம்பாசடரில் பழகிய ஓட்டுநர் லான்சருக்கு மாறும்போது உணர வேண்டிய முதன்மை வேறுபாடு இதுவே.

2006இல் 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுடன் லான்சர் செடியா அறிமுகமானது. இதுவும் முன்சக்கர இயக்கமே. பேரணிப் பந்தயங்களில் புகழ்பெற்ற லான்சர் எவோலூசன், டர்போ எஞ்சினும் நாற்சக்கர இயக்கமும் கொண்டது. பெயர் ஒன்றாயினும் ஓட்டும் தன்மை வேறு.

திருவள்ளூர் ஆலையில் பின்னர் சிட்ரோன் மகிழுந்துகள் தயாரிக்கப்பட்டன. 2022இல் வெளியான சிட்ரோன் சி3 அவற்றுள் ஒன்று.