கள்ளும் சைடரும்: ஒரு பானத்தின் வரலாறும் ஒரு சமூகத்தின் நாணமும்

மனிதன் உணவைத் தேடிக்கொண்ட வரலாற்றைப் போன்றே அவன் பானத்தை ஆக்கிக்கொண்ட வரலாறும் சமூக வரலாற்றின் ஒரு கூறாகும். மக்கட் கூட்டத்தினர் பலரும் தத்தம் நிலத்தில் எளிதிற் கிடைத்த இனிப்பைப் புளிக்கவைத்து அருந்தியுள்ளனர். திராட்சை விளைந்த நாடுகளில் அது வைன் எனவும், வாற்கோதுமை விளைந்த நாடுகளிற் பியர் எனவும், அப்பிள் விளைந்த நாடுகளிற் சைடர் எனவும் பெயர் பெற்றது. பனையும் தென்னையும் செழித்த நம் நிலத்தில் அதுவே கள் ஆயிற்று. இவையனைத்தும் ஒரே இயற்கை நிகழ்வின் பல வடிவங்களே. எனினும், இவற்றுக்குச் சமூகம் அளித்த மதிப்பு ஒன்றாக அமையவில்லை. 2024ஆம் ஆண்டு டிசெம்பரில், ஸ்பெயின் நாட்டின் அஸ்தூரியாஸ் பகுதியின் சைடர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுப் பட்டியலிட்டது. நம்மிடையேயோ கள் என்னுஞ் சொல்லே அவையில் எடுத்தாளத் தகாததொன்றாகக் கருதப்படுகின்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குடிப்பழக்கத்துக்குச் சார்பாக வாதிடுவது எமது கருத்தன்று என்பதனை முதற்கண் கூறிவைத்தல் தகும்.

சைடரின் இயல்பை முதலில் நோக்குவோம். இலையுதிர் காலத்திற் பறித்த அப்பிளை நசுக்கிப் பிழிந்து, சாற்றைப் பீப்பாய்களில் அடைத்துக் குளிர்காலம் முழுவதும் புளிக்க விடுவர். அதில் மதுசாரம் ஏறத்தாழ 4 முதல் 8 வீதம் வரை அமையும். நன்கு அடைக்கப்பட்ட சைடர் மாதக்கணக்கிற் கெடாதிருக்கும். விளைச்சல் ஆண்டுக்கொருமுறை நிகழ்வதாகையால், அதனையொட்டிய விழாவும் ஆண்டு விழாவாயிற்று. இங்கிலாந்தின் சொமர்செற் பகுதியில் இன்றும் சனவரி மாதத்தில் ஊரார் தோட்டத்திற் கூடி, முதிய அப்பிள் மரத்தின் வேரிற் சைடரை வார்த்து, சைடரில் தோய்த்த ரொட்டித் துண்டுகளைக் கிளைகளில் வைத்து, அடுத்த ஆண்டின் விளைச்சல் பெருகுமாறு பாடி வாழ்த்துகின்றனர். நம்மவர் பொங்கலன்று ஞாயிற்றுக்கும் மறுநாள் மாட்டுக்கும் நன்றி செலுத்துவதனோடு இதனை ஒப்பிடலாம்.

எனினும், சைடரின் வரலாறும் களங்கமற்றதன்று. இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர் தம் கூலியின் ஒரு பகுதியைச் சைடராகவே பெற்றனர். உழைப்பவனின் ஊதியத்தை அவன் தொண்டையிலேயே கரையச் செய்த இவ்வழக்கம் 1887ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே தடைசெய்யப்பட்டது. 1763இல் ஆங்கில அரசு சைடர்மீது வரி விதித்து, வரி அதிகாரிகள் வீடுகளுட் புகுந்து சோதனையிடவும் வழிசெய்தது. சைடர் விளையும் மாவட்டங்கள் கொதித்தெழுந்தன. மூன்று ஆண்டுகளில், 1766இல், அவ்வரி நீக்கப்பட்டது. தம் பானத்தின்மீது அரசு கைவைத்தபோது அம்மக்கள் அதனைத் தம் உரிமையாகக் கருதிக் காத்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளற்பாலது.

இனி, கள்ளின் இயல்பை நோக்குவோம். மலராத பாளையைக் கட்டி, இதமாகத் தட்டி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவர, இனிய சாறு முட்டியில் வடியும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்படின் சாறு புளியாது நிற்கும். அதுவே பதநீர், யாழ்ப்பாணத்தார் வழக்கிற் கருப்பநீர். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி கிடைக்கும். சுண்ணாம்பு இடாதவிடத்து, காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்கள் சர்க்கரையை உடனே நொதிக்கச் செய்கின்றன. சில மணி நேரத்தில் அது கள்ளாகின்றது. மதுசாரம் ஏறத்தாழ 4 முதல் 6 வீதம் வரை உயர்கின்றது. ஒரு நாள் கடந்ததும் பற்றீரியங்கள் அதனைப் புளிப்பேற்றுகின்றன. நாளடைவில் அது வினாகிரியாகி, அச்சாறுக்குப் பயன்படுகின்றது.

இவ்வியற்கை இயல்பிலேயே கள்ளின் சமூக வரலாறு அடங்கியுள்ளது எனலாம். சைடரைச் சேமிக்கலாம், கள்ளைச் சேமிக்கவியலாது. காலையில் இறக்கியது மாலைக்குள் அருந்தப்படல் வேண்டும். அதனைத் தொலைதூரம் கொண்டு செல்லுதல் அரிது. பதுக்கி விலையேற்றுதலும் அரிது. ஆகவே கள், ஊருக்குள்ளேயே உண்டாகி ஊருக்குள்ளேயே முடிவுறும் பானமாயிற்று. அதற்கு ஆண்டு விழா இல்லாமற் போனமையின் காரணமும் இதுவே. பனையின் கீழும் தென்னையின் கீழும் மாலைதோறும் கூடிய சிறு கூட்டமே அதன் விழாவாயிற்று.

சங்கப் பாடல்கள் இக்கூட்டத்தின் மகிழ்ச்சியை மறைத்ததில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், மன்னனும் புலவரும் கள்ளைப் பகிர்ந்துகொண்ட நட்பை நினைந்தே தொடங்குகின்றது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கள்விற்கும் மனைகளிற் பறந்த கொடியைக் காட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிற் சமைத்த அரிசிக் கள்ளாகிய தோப்பி இடம்பெறுகின்றது. யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியமையைப் புறநானூறு கூறும். 1945இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்விற் கிடைத்த மதுச்சாடித் துண்டுகள் இவ்வணிகத்துக்குச் சான்றாயின. அக்காலச் சமூகத்திற் கள் விருந்தோம்பலின் ஓர் உறுப்பாக விளங்கிற்று என்பது தெளிவு.

பின்னர் அறநூல்கள் தோன்றின. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையை வலியுறுத்துகின்றது. சமண, பௌத்த ஒழுக்க நெறிகளும் மதுவை விலக்கின. இக்கண்டனத்தின் நியாயத்தை எவரும் மறுத்தற்கில்லை. ஆயின், ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களும் கள்ளுண்பானையே இடித்துரைக்கின்றன. கள் இறக்குவானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிற்காலச் சமூகமோ இதனைத் தலைகீழாக்கிற்று. உண்டவன் ஊர்ப் பெரியவனாகவே இருந்தான், இறக்கியவன் இழிந்தவனாக்கப்பட்டான்.

ஐரோப்பியர் வருகையின் பின் இவ்வரலாறு புதிய திசையிற் சென்றது. 1660இல் கிழக்குக் கரையிற் கொட்டியாரப் பகுதியிற் சிறைப்பட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ரொபட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிற் கித்துள் மரத்தின் இனிய சாற்றையும் அதிலிருந்து ஆக்கும் சர்க்கரையையும் விவரித்துள்ளார். அவருடைய காலத்தில் அது மக்களின் உணவு. ஆயின், கரையோரத்தை ஆண்டோரின் நாட்டம் கள்ளிலிருந்து வடித்தெடுக்கும் சாராயத்தின்மீதே சென்றது. சாராயம் கெடாது; பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றலாம்; அளந்து வரி விதிக்கலாம். கள்ளில் இல்லாத, மூலதனத்துக்கு வேண்டிய இயல்புகள் யாவும் அதன் வடிப்பில் இருந்தன.

ஒல்லாந்தர் காலத்திலிருந்த குத்தகை முறையைப் பிரித்தானியர் விரிவுபடுத்தினர். ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் தனியுரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரரானார். அவர் கொடுத்த தொகையை மீட்பதற்கு ஒரே வழி, கூடுதலான மக்களைக் கூடுதலாகக் குடிக்கச் செய்வதே. 1830களின் பின் மலைநாட்டிற் பரவிய கோப்பித் தோட்டங்கள் இவ்வணிகத்துக்குப் பெருஞ்சந்தையாயின. இலங்கையின் உள்நாட்டு முதலாளி வகுப்பின் மூலதனக் குவிப்பில் சாராயக் குத்தகை வகித்த பங்கினை மைக்கல் றொபட்சும் குமாரி ஜயவர்த்தனாவும் தம் ஆய்வுகளில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். அரசின் கருவூலமும் தனியார் மாளிகைகளும் ஒருங்கே உயர்ந்தன. மரத்தின் உச்சியில் நின்றவன் மட்டும் கீழேயே இருந்தான்.

1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் பேரெழுச்சி கண்டது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கள்ளுக்குத் தனியான தவறணைகள் நாடெங்கும் பெருந்தொகையாகத் திறக்கப்படவிருந்தமை எதிர்ப்பைத் தூண்டிற்று. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க முதலியோர் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அவ்வியக்கத் தலைவர்கள் சிறையிடப்பட்டபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களுக்காக வாதாடியமை வரலாறு. அவ்வெதிர்ப்பின் தேசியப் பெறுமதியை மறுத்தற்கில்லை. எனினும், 1763இல் ஆங்கிலக் குடியானவர் சைடரைக் காத்து வரியை எதிர்த்தனர். 1912இல் நம் நாட்டிற் பானமும் வரியும் ஒருசேரப் பழிக்கப்பட்டன. குடியேற்ற அரசு தன் வருவாய்க்காகத் தவறணையைப் பெருக்கியமையாற் கள், அந்நியராட்சியின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. ஊரின் உணவாயிருந்த பானம் ஊரின் பகையாகிய கதை இதுவே.

இப்பொதுவரலாற்றை எமது பிரதேசத்தோடு பொருத்திப் பார்ப்போம். பெரியகல்லாறு, மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அமைந்த ஊர். வாவி தன் தென்பகுதியிற் கடலோடு கலக்குமிடம் இவ்வூரை அண்டியது. மணற்பாங்கான இந்நிலத்தில் தென்னையே மக்களின் பெருஞ்செல்வம். படுவான்கரையின் நெல்லும் வாவியின் மீனும் எழுவான்கரையின் தேங்காயும் சேர்ந்ததே எமது உணவு மரபு. அம்மரபிற் கள்ளுக்கும் ஓர் இடமுண்டு. அது குடிப்போரின் இடமன்று, அடுக்களையின் இடம்.

எமது அம்மம்மா தம் இளமைக் காலத்தைப் பற்றிக் கூறக் கேட்டதுண்டு. அப்பத்துக்கு அரிசியை இடித்து மாவாக்கி, விடியற்காலை இறக்கிய கள்ளை ஊற்றிப் பிசைந்து புளிக்க வைப்பார்களாம். கள் ஊற்றிய மாவிற் சுட்ட அப்பத்தின் ஓரம் முறுகலாகவும் நடு பஞ்சாகவும் அமையும். அப்பச்சோடாவுக்கு அந்த மணம் வராது என்பது அவர் முடிவு. அக்கள்ளைச் செம்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சீவல் தொழிலாளி முற்றத்திலேயே நிற்பாராம். சுட்ட அப்பத்தில் இரண்டை அவருக்கும் கொடுப்பார்கள். ஆனால் வாழையிலையில் வைத்து, திண்ணைக்குக் கீழே. “அவர்ர கள்ளாலதான் அப்பம் பொங்கினது. ஆனா அவர் திண்ணையில இருந்து தின்ன ஏலாது. அப்ப எங்களுக்கு அது பிழையெண்டே தெரியல்ல” என்று கூறி, அம்மம்மா சற்று நேரம் பேசாதிருந்தார்.

இச்சிறு நிகழ்விற் பெரியதொரு சமூக உண்மை பொதிந்துள்ளது. இடுப்பிற் பாளைக்கத்தியும் காலில் தளைநாருமாக நாள்தோறும் பல மரங்களில் ஏறியிறங்கிய ஒருவரின் உழைப்பைச் சமூகம் உண்டது. அவரது இருப்பை மட்டும் விலக்கிற்று. யாழ்ப்பாணத்தில் இக்கொடுமை இன்னுங் கூர்மையாக இருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1966இல் எழுச்சி பெற்ற தீண்டாமை ஒழிப்புப் போராட்டமும், அப்போராட்டச் சூழலில் மலர்ந்து 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும் இதற்கெதிரான குரல்களாகும். 1970களிற் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றிணைந்தமையும், 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டமையும் தொழிலுக்கு ஓரளவு மதிப்பை மீட்டுத் தந்தன. அதே 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளிற் பெரும்பகுதியைச் சாய்த்தது. புதிய கன்று பாளை விடப் பல ஆண்டுகள் செல்லும். அதற்குள் போர் வந்தது. 2004இல் ஆழிப்பேரலையும் வந்தது. மரத்தோடு தொழிலும், தொழிலோடு சொற்களும் அருகின.

தமிழகத்தின் அனுபவமும் ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. 1921இற் பெரியார் ஈரோட்டிற் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டார். தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டி வீழ்த்தினார். 1937இல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1987 முதல் அங்கு கள்ளுக்குத் தடை நிலவுகின்றது. ஆயினும் 2003 முதல் அரசு நிறுவனமாகிய டாஸ்மாக், ஆலைகளில் உற்பத்தியாகும் கடும் மதுவைத் தானே சில்லறையாக விற்றுவருகின்றது. மெல்லிய கள் குற்றம். அதனினும் பன்மடங்கு மதுசாரம் கொண்ட பானம் அரசின் வருவாய். ஒழுக்கத்தின் பெயரால் விதிக்கப்பட்ட தடையின் பின்னாற் பொருளியல் நிற்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டவியலாது.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழலாம். இன்று எமது ஊர்களிற் குடியாற் சிதைந்த குடும்பங்கள் உள்ளன. கசிப்பும் சாராயமும் பெண்களின் கண்ணீராகவும் பிள்ளைகளின் பட்டினியாகவும் மாறுகின்றன. இவ்வேளையிற் கள்ளின் பெருமை பேசுவது தகுமா? தகும் என்றே கருதுகின்றோம். துன்பம் உண்மை, ஆயின் அதன் காரணத்தைச் சரியாக இனங்காணாது மருந்து தேடவியலாது. ஊரார் கண்முன் அளவோடு பகிர்ந்த பானத்தை அகற்றி, அவ்விடத்தில் வடித்த மதுவைத் தனியுரிமைச் சரக்காக அமர்த்திய ஆட்சிமுறையின் பங்கை மறைத்துவிட்டு, மரத்தையும் மரமேறியையும் பழிப்பது வரலாற்றுக்கு முரணாகும். கள்ளும் அளவு மீறின் கேடே; குறள் அதனை முன்னரே கூறிவிட்டது.

சொமர்செற் மக்கள் அப்பிள் மரத்தைச் சூழ்ந்து பாடும்போது, குடியை மட்டும் கொண்டாடவில்லை. மரத்தையும் அதனைப் பேணும் கைகளையுங் கொண்டாடுகின்றனர். நாம் கற்கவேண்டியது அதுவே. எமது பிரதேசத்திற் பாளை சீவத் தெரிந்த முதியோர் இன்னுஞ் சிலரேனும் உளர். அவர்களுடைய தொழில்நுட்பத்தையும் கலைச்சொற்களையும் வாழ்க்கை அனுபவங்களையும் பதிவுசெய்வது பல்கலைக்கழகத்தில் வரலாறும் தமிழும் பயிலும் எம் போன்ற மாணவரின் கடமையாகும். அவ்வாறு கேட்கச் செல்லும்போது, அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திவைத்துக் கேட்கலாகாது. அவர்களது திண்ணையில் நாம் சென்றமர்ந்து கேட்டல் வேண்டும்.