இன்டர்ன்ஷிப்புக்கு காசு கேட்டா உஷார்! முதல் வருஷ மாணவர்கள் திண்டுக்கல்லிலேயே பயிற்சி தேடலாம்

திண்டுக்கல்,

பிளஸ்-2 முடித்து காலேஜில் கால் வைத்த சில மாதத்திலேயே மாணவ-மாணவிகளின் செல்போனுக்கு 'இன்டர்ன்ஷிப் ரெடி, சர்டிபிகேட் உறுதி' என்று மெசேஜ் வந்து விழுகிறது. கடைசி வரியில் பதிவுக்கட்டணம் கேட்டிருப்பார்கள். அப்பா மில்லில் ஷிப்டு பார்த்த காசை அதில் கொண்டுபோய் கொட்டிவிட்டு, ஒரு பேப்பரை வாங்கி வைத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை.

இன்டர்ன்ஷிப் என்பது படிக்கும்போதே ஒரு நிறுவனத்தில் சில வாரம் இருந்து வேலை பழகுவது. நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்த 'அப்ரண்டிஸ்' வேறு. அது 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, உதவித்தொகையுடன் நடப்பது. பெரும்பாலும் ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் போவார்கள்.

மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை தொடங்கியது. மாதம் 5 ஆயிரம் ரூபாய் என்றதும் பலரும் விசாரித்தனர். ஆனால் அப்போது வந்த விதிப்படி வயது 21 முதல் 24, முழுநேரமாக படிப்பவராக இருக்கக்கூடாது. ஆக, முதல் வருஷ பசங்களுக்கு அதில் இடமில்லை.

அவசரம் வேண்டாம்

பல்கலைக்கழக மானியக்குழு 2024-ல் வெளியிட்ட நெறிமுறையில், 4-வது செமஸ்டருக்கு பிறகு 60 முதல் 120 மணி நேரம் பயிற்சி என்றுதான் இருக்கிறது. முதல் வருஷத்திலேயே முடித்தாக வேண்டும் என்று எவராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், டிபார்ட்மெண்டில் கேளுங்க. கணினியில் தேடுபவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் தளம் இருக்கிறது, பதிவு செய்ய பைசா செலவில்லை. தமிழக அரசு 2022 மார்ச் 1-ந்தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் பற்றியும் காலேஜிலேயே விசாரிக்கலாம்.

உள்ளூரில் எங்கே?

முதல் வருஷ மாணவனுக்கு கம்ப்யூட்டரை விட கால் நடைதான் கை கொடுக்கும். பி.காம். படிப்பவர்கள் ஆடிட்டர் ஆபீசை கேட்கலாம். ஆனால் நாள் பார்த்து போக வேண்டும். மாதாமாதம் 11-ந்தேதி, 20-ந்தேதி ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் என்றால் அங்கே தலை நிமிர நேரம் இருக்காது. 20-க்கு மேல் போனால் உட்கார வைத்து பேசுவார்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் கமிஷன் மண்டியில் ஒரு வாரம் கணக்கு எழுதினால் வரவு-செலவு பாடம் தானாக புரியும்.

வேளாண்மை, கிராம வளர்ச்சியில் ஆர்வம் இருந்தால் காந்திகிராமம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வேளாண் அறிவியல் மையமும் உண்டு. மெக்கானிக்கல் பசங்க பூட்டு பட்டறையை சாதாரணமாக நினைக்கக்கூடாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் பூட்டு வந்து பட்டறைகள் குறைந்துவிட்டாலும், கையால் லீவர் அராவும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்னாளப்பட்டி சுங்குடி வியாபாரத்தை ஆன்லைனுக்கு கொண்டுபோக ஒரு மாணவி உதவினால், அவளுக்கு அனுபவம், கடைக்காரருக்கு லாபம்.

போகும்போது காலேஜில் ஒரு போனபைடு, துறைத்தலைவர் கடிதம், ஒரு பக்க சுயவிவரம் போதும். 'அண்ணே, சம்பளம் வேண்டாம், செமஸ்டர் லீவில் 3 வாரம் பழகிக்கிறேன்' என்று நேரடியாக கேட்பது நல்லது. முடிக்கும்போது லெட்டர்பேடில் தேதி, செய்த வேலை, மணி நேரம், கையெழுத்து வாங்காமல் வரக்கூடாது.

டீ வாங்க வைத்தால்?

ஒரு நாள் டீ வாங்கி வரச்சொன்னால் தப்பில்லை, தினமும் அதே வேலை என்றால் கிளம்பிவிடலாம். பயிற்சி என்று பெயர் வைத்து மெஷினில் நிறுத்தி முழு ஷிப்டு வாங்கும் இடங்கள் பற்றி இந்த மாவட்டத்துக்கு புதிதாக சொல்ல வேண்டியதில்லை. மாணவிகள் ஒன்றை தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்பு சட்டம் (2013) பயிற்சி பெறுபவர்களுக்கும் பொருந்தும். 10 பேருக்கு குறைவாக வேலை பார்க்கும் இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவில் மனு கொடுக்கலாம். பெண்கள் உதவி எண் 181.

ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள், வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காமல் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் அந்த பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது.