காஞ்சிபுரத்தில் வீடு: வாங்குவோரும் விற்போரும் அறிந்திருக்க வேண்டியவை

காஞ்சிபுரம் என்றதும் பட்டுப் புடவையும் கோயில்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த ஊரில் வீடு வாங்குவதையும் விற்பதையும் தீர்மானிப்பவையும் பெருமளவு அவை இரண்டும்தான். எந்த மனையைப் பதிவு செய்ய முடியும், எங்கே மாடி கட்டலாம், ஒரு வீட்டை எத்தனை பங்காகப் பிரிக்கலாம் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு அலையும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பயன்படும் செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தறியோடு சேர்ந்த வீடு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் 69.2 சதவீதக் குடும்பங்கள் சொந்த வீட்டிலும், 27.5 சதவீதக் குடும்பங்கள் வாடகை வீட்டிலும் வசித்தன. நெசவாளர்கள் நிறைந்த ஊரில் சொந்த வீடு என்பது குடியிருக்கும் இடம் மட்டுமல்ல, தொழிற்கூடமும் அதுதான். குழித்தறி போட வேண்டுமென்றால் தரையைத் தோண்ட வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு எல்லா உரிமையாளரும் சம்மதிப்பதில்லை. மாடி வீட்டில் அதற்கு வழியே இல்லை. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடுகள் அகலம் குறைவாகவும் நீளம் அதிகமாகவும், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியும் இருப்பதைப் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட வீடு அண்ணன் தம்பிகளுக்குள் நீளவாக்கில் பிரிக்கப்பட்டால், யார் பங்கிலும் தறி போட இடம் மிஞ்சாது. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்விட்ட குடும்பங்களில், பெற்றோர் காலத்துக்குப் பிறகு வீடு விற்பனைக்கு வருகிறது. பொதுச் சுவருள்ள வீட்டை வாங்குவோர், அந்தச் சுவர் யாருக்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடித்துக் கட்டும்போது முதல் தகராறு அங்கேதான் தொடங்கும்.

ஊருக்கு வெளியே மனைகள்

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சியானது. ஓரிக்கை, செவிலிமேடு போன்ற சுற்றுப்பகுதிகளில் வயல்கள் மனைகளாகி வருகின்றன. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, "விமான நிலையத்துக்கு அருகில்" என்ற விளம்பரங்கள் பெருகின. அதே திட்டத்துக்காக ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்களில் நிலம் எடுக்கப்படுவதை எதிர்த்து மக்கள் போராடி வருவதையும் நாம் அறிவோம். அந்தப் பக்கம் மனை பார்ப்பவர்கள், அந்தச் சர்வே எண் நிலம் எடுப்பு அறிவிக்கையில் இருக்கிறதா என்று வருவாய்த் துறையில் விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப் பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. ஆகவே பழைய மனை என்றால் வரன்முறை ஆணையையும், புதிய மனை என்றால் நகர ஊரமைப்புத் துறை போன்ற உரிய அமைப்பின் ஒப்புதல் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் புதிய திட்டங்கள் ரெரா ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

"பவர் பத்திரம் போதும், பிறகு கிரயம் செய்து கொள்ளலாம்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

கோயில் மனை, வக்ஃபு மனை, தொல்லியல் எல்லை

கோயில் நகரங்களில் கட்டிடம் ஒருவருக்கும் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருப்பதுண்டு. அத்தகைய வீட்டில் குடியிருப்பவர் மனை வாடகை செலுத்துகிறார். அவர் விற்க முடிவது கட்டிடத்தை மட்டுமே, மண்ணை அல்ல. வாடகை உரிமை வாங்குபவர் பெயருக்கு மாறவும் கோயில் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். வக்ஃபு சொத்துக்கும் கடுமையான தடை உண்டு. அதை முத்தவல்லியோ ஜமாஅத் நிர்வாகமோ விற்க முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இவ்விரு வகைச் சொத்துகளின் பத்திரங்களையும் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுப்பதற்கு இடம் தருகிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று ஆசைப்படும் முன், எதனால் குறைவு என்று கேட்க வேண்டும்.

காஞ்சிபுரத்துக்கே உரிய இன்னொரு தடை தொல்லியல் எல்லை. கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. இத்தகைய சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்டுவதற்கு முன்அனுமதி பெற வேண்டும். பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டு மூன்று மாடி கட்டலாம் என்று கணக்குப் போட்டவர்களின் பணம் இங்கே முடங்கிவிடும். பத்திரம் தடையின்றிப் பதிவாகிவிட்டது என்பதற்காக, கட்டவும் அனுமதி கிடைக்கும் என்று பொருளல்ல.

வாரிசுகளின் பங்கு

விற்பனைகளில் அதிகச் சிக்கல் வருவது வாரிசுப் பங்கில்தான். நம் குடும்பங்களுக்கு 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் பொருந்தும். 1949-ல் வந்த சென்னை மாகாணத் திருத்தத்தால் விவசாய நிலமும் அதற்குள் வந்தது. ஓர் எடுத்துக்காட்டு: 1,200 சதுர அடி மனையில் வீடுள்ள ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகளை விட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெற்றோர் முன்பே இறந்துவிட்டனர். கடனும் வஸிய்யத்தும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 150 சதுர அடி. மீதியில் மகன்களுக்குத் தலா 420, மகளுக்கு 210 சதுர அடி.

210 சதுர அடியில் யாரும் குடியிருக்க முடியாது. அதற்காக அந்தப் பங்கு இல்லை என்றாகிவிடாது. ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சந்தை விலைப்படி பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கலாம். அல்லது எல்லோரும் கையெழுத்திட்டு விற்றுத் தொகையைப் பிரித்துக் கொள்ளலாம். "கல்யாணத்துக்கு நகை போட்டோமே" என்று சொல்லிச் சகோதரியின் பங்கை விட்டுவிட்டு விற்பது மார்க்கப்படியும் குற்றம், சட்டப்படியும் செல்லாது. அவர் பங்கு வாங்கியவருக்குப் போய்ச் சேராது. பிறகு அவர் வழக்குப் போட்டால் விற்றவர்களும் வாங்கியவரும் சேர்ந்தே சிக்குவார்கள்.

வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. முஸ்லிம் சட்டப்படி தந்தை இறந்தபின் தாயோ சித்தப்பாவோ அண்ணனோ தாமாகவே பிள்ளையின் அசையாச் சொத்துக்குக் காப்பாளர் ஆவதில்லை. நீதிமன்ற அனுமதியில்லாமல் அவர்கள் விற்றால் அது செல்லாது. இது 1918 முதல் உறுதியாக இருந்துவரும் சட்டநிலை.

இந்துக் குடும்பத்தாரிடம் வாங்கும்போதும் பெண்மக்களின் கையெழுத்தைக் கவனிக்க வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் சம உரிமை தரப்பட்டது.

பதிவுச் செலவு

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023-ல் 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை உண்டு. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்குத் தீர்வை 1 சதவீதமே. 2023 ஜூலை முதல் அதன் உச்ச வரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்ச வரம்பு 10,000 ரூபாய். இவ்வளவு குறைந்த செலவில் முடியும் பாகப்பிரிவினையைத் தள்ளிப்போட்டு, அடுத்த தலைமுறைக்கு இருபது வாரிசுகளாக வளரவிடுவது நியாயமில்லை.

வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியே கொடுத்த பணத்துக்கே பின்னாளில் சாட்சி இருக்கும்.

கடனும் ஒத்தியும்

வட்டியில்லாமல் வீடு வாங்குவது எப்படி என்பது நம் குடும்பங்களின் நீண்டகாலக் கேள்வி. இஸ்லாமிய வங்கிச் சேவையைத் தொடங்கும் யோசனையைத் தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி 2017-ல் முடிவெடுத்தது. அதனால் பலர் சேமித்து மனை வாங்கி, சிறுகச் சிறுகக் கட்டுகிறார்கள். சிலர் ஒத்தி வீட்டுக்குப் போகிறார்கள். கொடுத்த கடனுக்குப் பதிலாக வாடகையின்றிக் குடியிருப்பதும் வட்டியின் ஒரு வடிவமே என்று ஆலிம்கள் பலர் கூறுவதால், ஒத்திக்குப் போகும் முன் அவர்களிடம் விளக்கம் கேட்பது நல்லது. சட்டப்படியும் ஒத்திப் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு லட்சக்கணக்கில் கொடுத்தால், உரிமையாளர் வீட்டை விற்கும்போதோ வங்கி ஜப்தி செய்யும்போதோ அந்தப் பணம் கேள்விக்குறியாகும்.

முன்பணத்துக்கு முன்

தாய்ப்பத்திரம், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நிலஅளவைப் பதிவேடு, வாரிசுச் சான்று, சொத்துவரி ரசீது ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், சர்வே எண், அளவு மூன்றும் எல்லாவற்றிலும் ஒத்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்றையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பதிவாகாத ஒத்தியும் வாய்மொழி ஹிபாவும் வில்லங்கச் சான்றில் வராது. எனவே அந்தத் தெருவில் நாலு பேரிடமும், மஹல்லா ஜமாஅத்திலும் விசாரித்துவிட்டு, ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டிய பிறகு முன்பணம் கொடுங்கள்.