பேரெண்களின் பெயரும் பெறுமதியும்



வரலாறு பயிலும் மாணவர், பழைய ஏடுகளில் வரும் ஆண்டையும் பெயரையும் கவனத்துடன் நோக்குவர்; பெருந்தொகைகளை மட்டும் அப்படியே நம்பிவிடுவர். எண்ணைக் குறிக்கும் சொல் எக்காலத்தும் ஒரே பெறுமதியை உடையது என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைத் தவறுக்கு இடமளிக்கும் என்பதை இந்தியிலும் அதன் இனமொழிகளிலும் வழங்கும் பேரெண்களின் பெயர்கள் நன்கு காட்டுகின்றன.

இந்தியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்கள் நூறு நூறாகப் பெருகுவன. நூறாயிரம் ஒரு லாக். நூறு லாக் ஒரு கரோட். நூறு கரோட் ஓர் அரப். நூறு அரப் ஒரு கரப். அதற்கு மேலே நீல், பத்ம, சங்க் என்பன நிற்கும். சங்க் என்பது 1இன் பின் 17 பூச்சியங்களைக் கொண்டது. லாக்கும் கரோடும் நாம் இலட்சம், கோடி என வழங்குவனவே. பத்மம் தாமரையையும் சங்கம் சங்கையும் குறிக்கும். தாமரை, ஆம்பல், வெள்ளம் என்பவற்றை எண்ணுப்பெயர்களாக நம் தொல்காப்பிய உரையாசிரியர்களும் காட்டியிருத்தல் ஈண்டு நினைத்தற்குரியது.

இவற்றுள் அரப் என்பதன் வரலாற்றைப் பார்ப்போம். இது வடமொழி அர்புதத்தின் வழிவந்த சொல். யசுர்வேதத்தின் எண்வரிசையில் அர்புதத்துக்கு 7 பூச்சியங்கள். 499ஆம் ஆண்டளவில் எழுந்த ஆரியபட்டீயத்தில் அந்த 7ஆம் இடத்தில் கோடி அமர்ந்திருக்கிறது. அர்புதம் ஒரு படி ஏறி 8 பூச்சியங்களைப் பெறுகிறது. 1150ஆம் ஆண்டில் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியிலும் 8 பூச்சியங்களே. இன்றைய இந்தியிலோ அரப்புக்கு 9 பூச்சியங்கள். சொல் ஒன்று, பெறுமதி மூன்று!

கரோட் என்னும் சொல் பாரசீகம் சென்று குரூர் ஆயிற்று. அங்கே அது 5 இலட்சத்தையே குறித்தது. உருசியாவுடன் நிகழ்ந்த போரில் தோல்வியுற்ற ஈரான், 1828ஆம் ஆண்டுத் துருக்மான்சாய் உடன்படிக்கையின்படி 10 குரூர் தூமான் தண்டம் செலுத்த இசைந்தது. அஃதாவது 50 இலட்சம் தூமான். குரூரைக் கோடியென்று கொள்ளும் ஒருவர் இதனை 10 கோடி என்று எழுதிவிடுவார். ஒரு நாடு தலையில் ஏற்ற கடன்சுமை, ஒரு சொல்லின் மயக்கத்தால் இருபது மடங்காகிவிடும். உடன்படிக்கையை வரைந்தோர் அத்தொகையை 2 கோடி வெள்ளி ரூபிள் என்றும் உடன் குறித்தமை நமக்குப் பெருந்துணை.

இன்றும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் அரசாங்க வரவுசெலவுத் தொகைகளை அரப், கரப் என்றே கூறுவர். இந்தியாவிலோ 10 கரப் என்பதை இலட்சம் கோடி என்று சொல்வதே பெருவழக்கு.

ஆகவே, பழைய ஆவணமொன்றில் பேரெண் ஒன்றைக் கண்டால், இது எந்நாட்டு வழக்கு, எக்காலத்து வழக்கு, இதற்கு எத்தனை பூச்சியங்கள் என்று வினவுதல் வேண்டும். இம்மூன்றையும் கேட்டபின் எழுதுவதே வரலாறு கற்போர்க்கு அழகு.