கடிகாரக்காரர் கட்டிய கதவு

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி, வீட்டைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்குமே! எலி செத்துவிட்டதென்று என் மனைவி பரணெல்லாம் தேடினாள். குற்றவாளி குளியலறைக் குழாய்.

அந்தக் குழாய்க்கு மூதாதை லண்டன் கடிகாரக்காரர் அலெக்ஸாண்டர் கம்மிங். 1775-ல் கக்கூஸ் குழாயை 'எஸ்' எழுத்தாக வளைத்துப் பேட்டண்டு வாங்கினார். வளைவில் தேங்கும் தண்ணீரே சாக்கடை நாற்றத்துக்குக் கதவு. இதைவிட மலிவான கதவை எந்தத் தச்சன் செய்தான்?

ஆனால் தண்ணீர்க் கதவு வற்றிவிடுமே! 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் கண்டது, பலர் மாண்டனர். 'ஈ' கட்டடத்தில்தான் நோயாளிகள் அதிகம். விசாரித்த அதிகாரிகளுக்குக் குளியலறைத் தரைமேல் சந்தேகம் விழுந்தது. அங்கே பல வீடுகளில் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை, துடைப்பார்கள். சுத்தக்காரர்கள்தாம், பாவம்! தரைக் குழாயின் வளைவோ காய்ந்து கிடந்தது. காற்றை வெளியேற்றும் மின்விசிறியைப் போட்டதும், கழிவுக் குழாயிலிருந்த நோய்த் துளிகள் உள்ளே இழுக்கப்பட்டன என்றார்கள்.

பரிகாரம்? வாரம் ஒரு முறை ஒவ்வொரு குழாயிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள் என்று ஹாங்காங் அரசு சொல்லிற்று. நானும் ஒரு செம்பு ஊற்றினேன். மறுநாள் மனைவி பரணிலிருந்து இறங்கிவிட்டாள்.