மொட்டை டயரும் வடிகாலும்

போன ஐப்பசி மழையில மச்சானோட கார் ஏரிக்கரை வளைவுல பிரேக் போட்டும் நிக்காம வயலுக்குள்ள இறங்கிருச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. டயர் பட்டன் எல்லாம் தேஞ்சு மொட்டை.

ஆரம்ப காலத்துக் கார் டயரும் மொட்டைதான். 1904-ல் ஜெர்மனியின் கான்டினென்டல் கம்பெனி பள்ளம் போட்ட கார் டயரைக் கொண்டுவந்தது. காய்ந்த ரோட்டில் ரப்பர் முழுசாகப் படிந்தால்தான் பிடிப்பு அதிகம். 1970-களில் பந்தயக் கார்கள் மொட்டை டயரில் ஓடியது அதனால்தான். ஆனா மழை வந்தா, அவங்களும் பள்ளம் உள்ள டயருக்கு மாறிடுவாங்க. தண்ணி வெளியேற வழி வேணுமே! வடிகால் தூர்ந்தா பயிர் மூழ்கும். பள்ளம் தேஞ்சா கார் மிதக்கும்.

பள்ளத்துக்குள்ள 1.6 மில்லிமீட்டர் உயரத்துல சின்ன மேடு இருக்கும். டயர் அதுவரைக்கும் தேஞ்சிருந்தா மழைக்கு முன்னாடியே மாத்திடுங்க.